டெவன் தீவு: இவ்வளவு பெரிய நிலத்தில் ஏன் ஒருவர்கூட இல்லை?

மருதம்72 | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. செவ்வாய் கிரகத்துக்கு நாசா எதையும் அனுப்பவில்லையாம். கனடாவின் வடகோடியில் டெவன் என்ற ஆளில்லாத் தீவில் படம் எடுத்து உலகத்தை ஏமாற்றுகிறார்களாம். பத்தாவது படிக்கும் என் மகள் அது பொய் என்கிறாள். என் மைத்துனர் உண்மை என்கிறார். சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு.

மேப்பில் அந்தத் தீவைத் தேடிப் பார்த்த பிறகு எனக்கு வேறு கேள்வி வந்துவிட்டது. பரப்பளவு 55,247 சதுர கிலோமீட்டர். இலங்கையைவிடக் கொஞ்சம்தான் சிறியது. மனிதர் வசிக்காத தீவுகளில் உலகிலேயே பெரியது இதுதான் என்று போட்டிருக்கிறது. ஆனால் அதற்கும் வடக்கே, எல்ஸ்மியர் தீவில், கிரைஸ் ஃபியோர்டு என்று ஓர் ஊர் இருக்கிறது! மேற்கே பக்கத்துத் தீவில் ரெசலூட் என்று இன்னோர் ஊர். குளிர்தான் காரணம் என்றால் அதைவிட வடக்கே எப்படி மக்கள் இருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மகளுக்கும் படித்துக் காட்டுவேன்.


பாறைமொழி | ஞாயிறு, இரவு 10.05

நல்ல கேள்வி. கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன், அதனால் கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

டெவன் தீவை ஒரே மாதிரியான நிலமாக நினைக்காதீர்கள். கிழக்கே ஏறக்குறைய 14,000 சதுர கிலோமீட்டருக்கு ஒரு பனித்தொப்பி கவிழ்ந்திருக்கிறது. அதன் உச்சி 1,900 மீட்டருக்கும் மேல். சில இடங்களில் பனியின் தடிமன் மட்டும் 800 மீட்டரைத் தாண்டும். மேற்குப் பக்கம் அப்படியில்லை. வெளிறிய சாம்பல் நிறத்தில் சல்லி சல்லியாக உடைந்து கிடக்கும் மேட்டுநிலம். பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், டோலமைட். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இந்த நிலம் வெப்பமான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்த காலத்தில் படிந்தவை. பவளப் புதைபடிவங்கள் இன்றும் கையில் கிடைக்கும்.

இந்தச் சுண்ணாம்புக்கல்தான் முதல் வில்லன் என்பேன். விரிசலில் நீர் இறங்கும், உறையும், கல்லை உடைக்கும். மறுபடி உருகும், மறுபடி உறையும். இப்படியே உடைந்து உடைந்து சல்லி சேருகிறதே தவிர, மண் சேருவதில்லை. கோடையில் உருகும் கொஞ்ச நீரும் சல்லிக்குள் இறங்கிவிடும். செடிக்கு வேண்டிய சத்தும் அந்தக் கல்லில் இல்லை. பெரும்பகுதி நிலத்தில் ஒன்றுமே முளைக்காது.

மேற்குப் பாதியில் ஹாட்டன் பள்ளம் இருக்கிறது. விண்கல் மோதி உண்டானது, சுமார் 23 கிலோமீட்டர் அகலம். முதலில் பூமிக்குள்ளிருந்து உப்பு புடைத்தெழுந்த குவிமாடம் என்றுதான் சிலர் கருதினார்கள். 1970களில்தான் மோதலின் தடயங்கள் உறுதியாயின. அதன் வயதை முதலில் 2 கோடியே 30 லட்சம் ஆண்டு என்றார்கள், பிறகு 3 கோடியே 90 லட்சம் என்றார்கள். அண்மை அளவீடு 3 கோடியே 10 லட்சம் பக்கம் வந்து நிற்கிறது. எனக்கு வியப்பு தருவது வேறு. அந்த மோதல், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்த 'நைஸ்' என்ற உருமாற்றப் பாறையை மேலே அள்ளி வீசியிருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்பு, நடுவில் பாதாளத்துப் பாறைத் துண்டு! மழை அதிகமாகப் பெய்யும் ஊராக இருந்தால் எப்போதோ அரித்துப் போயிருக்கும், காடு மூடியிருக்கும். அங்கே குளிரும் வறட்சியும் பொத்திப் பாதுகாத்து வைத்திருக்கின்றன.


மழைக்கணக்கு | ஞாயிறு, இரவு 11.20

ஐயா, கல் சரி. வானிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டெவனில் நிரந்தர ஊர் இல்லாததால் நெடுங்கால அளவீட்டுக்குப் பக்கத்துத் தீவான கார்ன்வாலிஸில் உள்ள ரெசலூட்டைத்தான் பார்க்கிறோம். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 16 டிகிரி. பிப்ரவரிச் சராசரி மைனஸ் 32 பக்கம். ஜூலையில்கூட 4, 5 டிகிரிதான். பனி, மழை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 160 மில்லிமீட்டர்.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். பனி மூடிய இடம் என்றதும் ஈரமான இடம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது பாலைவனம். 'துருவப் பாலை' என்று தனி வகையாகவே சொல்கிறார்கள். காற்று அவ்வளவு குளிர்ந்தால் அதில் நீராவி தங்காது. சுற்றியுள்ள கடலும் ஆண்டில் பெரும்பகுதி உறைந்து கிடக்கிறது. மூடி போட்ட பானையிலிருந்து எவ்வளவு ஆவி வரும்?

அப்படியானால் கிழக்கே அவ்வளவு பெரிய பனித்தொப்பி எப்படி வந்தது? காரணம் தீவுக்குக் கிழக்கே உள்ள பாஃபின் விரிகுடா. அதன் வடபகுதியில் நடுக்குளிர்காலத்திலும் முழுமையாக உறையாத ஒரு கடற்பரப்பு உண்டு, 'வடநீர்' என்று பெயர். காற்றும் நீரோட்டமும் புதுப்பனியைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் நீர் திறந்தே கிடக்கும். அந்த விரிகுடாவிலிருந்து எழும் ஈரம் கிழக்கு மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டிவிடுகிறது. தென்கிழக்குச் சரிவில்தான் அதிகம். மேற்கே போகும்போது காற்றில் மிச்சம் ஒன்றும் இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தை நினைத்துக்கொண்டால் மகளுக்குச் சட்டென்று புரியும்.

வெளிச்சக் கணக்கு: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் மறைவதேயில்லை. நவம்பர் தொடக்கத்தில் போனால் பிப்ரவரி தொடக்கத்தில்தான் திரும்பி வரும்.

ஒரே ஒரு திருத்தம் ஐயா. 'ஒன்றுமே முளைக்காது' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வடகிழக்குக் கரையில் ட்ரூலவ் தாழ்நிலம் இருக்கிறது. வெறும் 43 சதுர கிலோமீட்டர். அங்கே கோரைப்புல் சதுப்புகள், குட்டை வில்லோ, பாசி, பூக்கள், கஸ்தூரி எருது மந்தைகள் எல்லாம் உண்டு. ஆர்க்டிக் ஆய்வு நிலையம் ஒன்று 1960இல் அங்கே தொடங்கியது. 1970 முதல் 1974 வரை அந்தச் சின்ன நிலத்தின் புல், பூச்சி, எருது, மண் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். துருவச் சூழலியல் படிப்பவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அந்த இடம் மட்டும் ஏன் பச்சை? பனியுகத்தில் பனிச்சுமை அழுத்தித் தாழ்ந்திருந்த நிலம், சுமை நீங்கியதும் மெல்ல மெல்ல எழுந்தது. ஒவ்வொரு காலத்துக் கடற்கரையும் ஒரு சரளை மேடாக வரிசையாக நிற்கிறது. மேடுகளுக்கு இடையே உருகுநீர் வடியாமல் தேங்குகிறது. கீழே உறைமண் இருப்பதால் அது ஆழத்துக்கும் இறங்காது. பின்னால் சுமார் 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை காற்றைத் தடுத்து வெயிலைத் திருப்பித் தருகிறது. மேலே ஏறினால் வெறும் சல்லி, கீழே புல்வெளி.


பாறைமொழி | ஞாயிறு, இரவு 11.41

ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் சொன்ன வார்த்தை அது. ட்ரூலவை நானே வகுப்பில் சொல்வதுண்டு.


நேர்கேள்வி | திங்கள், காலை 7.30

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாசாவே அந்தத் தீவு செவ்வாயைப் போல இருக்கிறது என்று சொல்லி அங்கே ஆட்களை அனுப்புகிறது. விண்வெளி உடை போட்டுக்கொண்டு நடக்கும் படங்களை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் சாதாரண மக்களுக்குச் சந்தேகம் வராதா? சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான்.


பாறைமொழி | திங்கள், காலை 8.15

நியாயமான சந்தேகம். ஹாட்டன் பள்ளத்தில் 1997 முதல் ஆய்வு முகாம் நடக்கிறது. துளையிடும் கருவி, விண்வெளி உடை, ரோபோ எல்லாவற்றையும் அங்கே சோதிக்கிறார்கள். இது ரகசியமில்லை, அவர்களே கட்டுரையாக எழுதி வெளியிடுகிறார்கள். செடி இல்லாத, குளிர்ந்த, வறண்ட, விண்கல் பள்ளமுள்ள, உதவிக்கு ஆளில்லாத இடம் வேண்டும். அந்த ஐந்தும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

ஆனால் 'போல' வேறு, 'அதுவே' வேறு. மூன்று சான்றுகள் சொல்கிறேன்.

செவ்வாயில் ரோவர்கள் எடுத்த பாறைப் படங்களில் பெரும்பாலானவை எரிமலைப் பாறையும் அதிலிருந்து உண்டான படிவுகளும். டெவனில் கிடப்பது கடல் உயிர்களின் ஓடும் பவளமும் கலந்த சுண்ணாம்பு. எந்த நிலவியல் மாணவரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

அடுத்து, செவ்வாயில் அந்திநேரத்தில் சூரியனைச் சுற்றி வானம் நீலமாகத் தெரிகிறது, அங்குள்ள நுண்தூசி அப்படிச் செய்கிறது. சூரியனும் இங்கே தெரிவதில் மூன்றில் இரண்டு பங்கு அகலமாகத்தான் தெரியும். டெவனில் எடுத்தால் நம்முடைய சூரியன்தான், மேலே மேகம், காலடியில் நீரோடை.

கடைசியாக, செவ்வாயைச் சுற்றும் கலங்கள் மேலிருந்து ரோவரையும் அதன் சக்கரத் தடத்தையும் படம் எடுத்திருக்கின்றன. நாசா மட்டுமே அங்கே போகவும் இல்லை. நம் மங்கள்யான் 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி முழு கிரகத்தையும் படம் எடுத்து அனுப்பியது. மைத்துனரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.


நேர்கேள்வி | திங்கள், காலை 8.50

மங்கள்யான் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி ஐயா.


வடதுருவன் | திங்கள், மாலை 6.40

நான் ரொறன்ரோவில இருக்கிறன். ரெண்டு கோடைக்கு ஆர்க்டிக் சுற்றுலாக் கப்பலில எலெக்ட்ரீஷியனா வேலை செய்தனான். டெவனில காலடி வைச்ச ஆள் எண்ட முறையில ரெண்டு வார்த்தை எழுதலாமெண்டு நினைச்சன்.

கப்பல் லங்காஸ்டர் நீரிணைக்குள்ள ஆகஸ்டிலதான் போகும். அதுக்கு முதல் கடல் கட்டியாய் இருக்கும், செப்டம்பர் கடைசிக்குப் பிறகு திரும்பவும் கட்டியாகிடும். தெற்குக் கரையில டண்டாஸ் துறைமுகம் எண்டு ஒரு குடா. ரப்பர் படகில இறங்க முதல் துவக்கோட காவல்காரர் போய் கரடி நிக்குதோ எண்டு பார்ப்பினம். அவை கை காட்டினால்தான் நாங்கள் இறங்கலாம். கரையில மூண்டு நாலு பழைய மரக் கட்டடம், கதவும் சன்னலும் போய்விட்டுது. கொஞ்சம் மேல வெள்ளை வேலி போட்டு ரெண்டு கல்லறை. ரெண்டும் பொலிஸ்காரற்ற. 1926இல ஒருத்தர், 1927இல மற்றவர்.

எனக்கு மறக்க ஏலாதது அந்த அமைதி. எஞ்சின் நிண்ட பிறகு காதுக்குள்ள என்ர இரத்தம் ஓடுற சத்தம்தான் கேட்டுது. கொஞ்சத் தூரத்தில வால்ரஸ் கூட்டம் மூச்சு விடுறது கேட்டுது. காலுக்குக் கீழ சின்ன மஞ்சள் பூ ஒண்டு, விரல் நகமளவு. அதை மிதிக்காமல் நடக்கிறதுக்கு எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு நடந்தவை.

அடுத்த நாள் பீச்சி தீவு. அது டெவனின்ர தென்மேற்கு மூலையில ஒட்டினமாதிரி இருக்குது. வடமேற்குக் கடல்வழி தேடிப் போன பிரித்தானிய ஃபிராங்க்ளின் குழு 1845-46 குளிர்காலத்தை அங்கதான் கழிச்சது. அங்க செத்த மூண்டு மாலுமிகளின்ர கல்லறை சரளைக் கரையில நிக்குது. அந்தக் குழுவில ஒருத்தரும் உயிரோட திரும்பேல்லை.


சுவடிமகள் | திங்கள், இரவு 9.05

வடதுருவன் அண்ணா, அந்த மரக் கட்டடங்களின் கதைதான் மருதம் ஐயாவின் கேள்விக்கு விடை. நான் வரலாறு படித்தவள், இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

'ஆளில்லாத் தீவு' என்ற சொல்லே பாதிதான் உண்மை. துலே மக்களின் வீட்டு அடித்தளங்கள் டண்டாஸ் துறைமுகப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் முன்னோர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்பும் பல நூற்றாண்டுகளாக அந்தக் கரைகளில் மக்கள் வந்து தங்கி வேட்டையாடிப் போயிருக்கிறார்கள். ஐரோப்பியர் 1616இல் கப்பலிலிருந்து பார்த்தார்கள். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துப் பெயரைப் பிறகு வைத்தார்கள்.

கனடா அரசு 1924இல் டண்டாஸில் காவல் நிலையம் கட்டியது. அங்கே காவல் காக்க ஊர் எதுவும் கிடையாது. இந்தத் தீவு எங்களுடையது என்று உலகுக்குக் காட்டுவதுதான் நோக்கம். 1933இல் மூடிவிட்டார்கள். மறு ஆண்டே, தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, பாஃபின் தீவின் கேப் டோர்செட், பாங்னிர்டுங், பாண்ட் இன்லெட் பகுதிகளிலிருந்து ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட இன்யூட் மக்களை நாய்களோடு கப்பலில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கியது. நரித்தோல் வேண்டும் அந்தக் கம்பெனிக்கு.

அந்தக் கரையின் கடல்பனி சமதளமாக உறையாது. நீரோட்டமும் காற்றும் உடைத்து உடைத்துக் கரடுமுரடாக்கும். நாய் வண்டி ஓட்ட முடியவில்லை, வேட்டைக்குப் போக முடியவில்லை. 1936இல் இடத்தைக் காலி செய்தார்கள். பிடிக்காவிட்டால் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவோம் என்ற வாக்கு இருந்தது. கேப் டோர்செட்காரர்களுக்கு அது நிறைவேறவில்லை. ஒரு வணிக நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு என்று ஆண்டுக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். காவல் நிலையம் 1945இல் மறுபடி திறந்து 1951இல் எல்ஸ்மியருக்கு மாறிப்போனது. அன்றோடு டெவனில் நிரந்தரக் குடியிருப்பு முடிந்தது.

இப்போது கிரைஸ் ஃபியோர்டுக்கும் ரெசலூட்டுக்கும் வாருங்கள். அவை தானாக முளைத்த ஊர்கள் இல்லை. 1953இலும் 1955இலும் கியூபெக்கின் வடக்கே இனுக்ஜுவாக்கிலிருந்தும், பாண்ட் இன்லெட்டிலிருந்தும் குடும்பங்களை அரசே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. தெற்கே வாழ்ந்தவர்களுக்கு மாதக்கணக்கில் இருட்டு என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களுக்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்தான்.

ஆகவே ஐயா, குளிர் மட்டும் அந்த மேப்பை வரையவில்லை. எங்கே ஊர் இருக்கும், எங்கே இருக்காது என்பதில் ஓர் அலுவலக மேசைக்கும் பங்கு உண்டு. மக்கள் அங்கே ஊர் அமைக்காமல் வேட்டைக்கு வந்து போனது அறியாமையால் அல்ல. அந்தக் கரையை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.


மருதம்72 | திங்கள், இரவு 10.20

இதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். செவ்வாய் வீடியோவை விசாரிக்க வந்தவனுக்கு இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. மகளுக்கு ஒரு சந்தேகம்: அந்தப் பனித்தொப்பிக்கு அடியில் ஏரி இருப்பதாக எங்கோ படித்தாளாம். உண்மையா?


மழைக்கணக்கு | செவ்வாய், காலை 6.55

அவள் படித்தது 2018இல் வந்த செய்தி. விமானத்திலிருந்து ரேடார் அனுப்பிப் பார்த்தவர்கள், பனிக்கு அடியில் மிக உப்பான இரண்டு ஏரிகள் இருக்கலாம் என்றார்கள். பனியின் அடிப்பாகம் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே. அதில் நீர் உறையாமல் இருக்க வேண்டுமென்றால் கடலைவிடப் பலமடங்கு உப்பு வேண்டும். பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதாகக் கருதப்படும் வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவோடு ஒப்பிட்டு உலகமே பேசியது.

பிறகு ஆய்வாளர்கள் பனித்தொப்பியின் மேலேயே முகாம் போட்டு, நில அதிர்வு அலையையும் மின்காந்த முறையையும் வைத்துச் சோதித்தார்கள். 2024இல் வந்த முடிவு: அங்கே ஏரி இல்லை. ரேடார் கண்ட பளபளப்புக்கு வேறு காரணம். ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தாங்கள் சொன்னதைத் தாங்களே மறுபடி போய்ச் சோதித்து, இல்லை என்று எழுதியவர்களில் முதல் ஆய்வில் இருந்தவர்களும் உண்டு.

பனித்தொப்பி சுருங்கிவருவது வேறு செய்தி, அதில் ஐயமில்லை. 1961 முதல் அங்கே பனி வரவு செலவைக் கணக்கெடுக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் செலவு மிகவும் கூடிவிட்டது.


பாறைமொழி | செவ்வாய், காலை 9.10

மகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஹாட்டன் பள்ளத்தில் பிறகு ஓர் ஏரி தேங்கியது. 2007இல் அதன் படிவில் ஒரு விலங்கின் எலும்புக்கூடு கிடைத்தது, பெயர் புயிஜிலா. கடல்நாய் இனத்தின் ஆதி உறவு. ஆனால் துடுப்பு கிடையாது, நான்கு கால். நீர்நாய் போல நடந்தும் நீந்தியும் திரிந்திருக்கிறது. அதே படிவில் கிடைத்த காண்டாமிருகம் ஒன்றுக்கு 2025இல்தான் பெயர் வைத்தார்கள். இன்று புல் முளைக்கத் தடுமாறும் இடத்தில் சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு இருந்தது, காண்டாமிருகம் மேய்ந்தது. அன்றும் குளிர்காலத்தில் இருட்டுதான். அந்த இருட்டில் அவை எப்படி வாழ்ந்தன என்பதை நினைத்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும்.


சுவடிமகள் | செவ்வாய், மதியம் 1.30

பெயர் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். இன்யூட் மக்கள் அந்தத் தீவைத் தல்லுருடிட் என்கிறார்கள். பெண்களின் முகவாயில் பச்சை குத்தும் கோடுகளைக் குறிக்கும் சொல். தெற்கே உள்ள நீரிணைப் பகுதி இன்று தல்லுருடியுப் இமங்கா என்ற பெயரில் கடல் காப்பகம், ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். ஒற்றைக்கொம்புத் திமிங்கிலமும் பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலமும் வந்துபோகும் வழி அது.


வடதுருவன் | செவ்வாய், மாலை 5.15

தங்கச்சி, இதைப் படிச்ச உடன என்ர பழைய படங்களை எடுத்துப் பார்த்தன். நீரிணையில நிண்டு பார்த்தால் டெவன் மலை நேர் செங்குத்து, மேல தட்டை. மேலயிருந்து கீழ வரைக்கும் கறுப்புக் கறுப்பா நீளக் கோடு, வரிசையா. அப்ப கப்பலில ஒருத்தரும் எங்களுக்கு அந்தப் பேரைச் சொல்லேல்லை. இப்ப பார்க்க முகவாய் போலத்தான் கிடக்குது.


மருதம்72 | செவ்வாய், இரவு 9.40

மகளின் கடைசிக் கேள்வி, இதோடு விட்டுவிடுகிறாளாம். ட்ரூலவ் எருதுகள் அந்த மூன்று மாத இருட்டில் எங்கே போகும்?


மழைக்கணக்கு | செவ்வாய், இரவு 10.02

எங்கும் போகாது. அதே தாழ்நிலங்களில்தான் இருக்கும். குளம்பால் பனியைக் கிளறி அடியில் காய்ந்து நிற்கும் கோரையைத் தின்னும். உடம்பில் கம்பளிக்குள் கம்பளி, அதனால் குளிர் ஒரு பொருட்டில்லை. காற்று மிஞ்சினால் நெருங்கி நின்றுகொள்ளும். அவை பிழைப்பது பனி குறைவாக விழுவதால்தான். நான் முன்னால் சொன்ன அந்த 160 மில்லிமீட்டர் வறட்சி செடிக்குக் கேடு, எருதுக்கு உயிர். பனி ஆழமாக விழுந்துவிட்டாலோ, பனிமேல் மழை பெய்து தகடாக உறைந்துவிட்டாலோ, கீழே புல் இருந்தும் எட்டாது. அந்த மாதிரி ஆண்டுகளில்தான் மந்தை சாகும். இப்போது குளிர்காலத்தில் மழை பெய்யும் நாள் வந்துவிடுமோ என்றுதான் அங்கே எருதுகளைக் கவனிப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.